பழைய தொழுவம் பட்டறை ஆகும்போது: சுவருக்கு எந்தப் பூச்சு?

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பின்னால் தனியாக ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. ஒரு காலத்தில் மாட்டுத் தொழுவம், அப்புறம் சாமான் போடும் அறை. ஏறக்குறைய ஒன்றரை அடி கனத்தில் செங்கல் சுவர். செங்கலுக்கு இடையில் இருக்கும் சாந்தை நகத்தால் சுரண்டினாலே உதிர்கிறது. எப்போதோ யாரோ உள்பக்கம் தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். அது இப்போது பாளம் பாளமாகப் பெயர்கிறது. அதற்குச் சற்று மேலே ஒரு பட்டை முழுக்க ஈரமும் வெள்ளை உப்பும். இந்த இடத்தைத் தச்சு வேலைக்கான பட்டறையாக மாற்ற ஆசை. எல்லாப் பூச்சையும் கொத்தி எடுத்துவிட்டு, நீர் புகாத மருந்து கலந்த சிமெண்ட் கலவையை முழுச் சுவருக்கும் நானே பூசலாம் என்று இருக்கிறேன். செய்யலாமா? என்ன விகிதத்தில் கலக்க வேண்டும்?

பதில்: நீங்களே பூசலாம். பொறுமையும் ஓரளவு கைத்திறனும் இருந்தால் போதும், பட்டறைச் சுவரில் கண்ணாடி போன்ற வழவழப்பு யாருக்கும் தேவையில்லை. ஆனால் சிமெண்ட் வேண்டாம், நீர் புகா மருந்து கலந்த சிமெண்ட் வேண்டவே வேண்டாம். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

சிமெண்ட் பூசிய இடத்துக்குச் சற்று மேலே உப்புப் பட்டை தெரிகிறது என்கிறீர்கள். பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை விளக்குத் திரி எண்ணெய் உறிஞ்சுவது போல மேலே இழுக்கும். பூச்சு இல்லாமலோ சுண்ணாம்புப் பூச்சோடோ விட்டிருந்தால் அந்த ஈரம் அடிப்பகுதியிலேயே காற்றில் ஆவியாகிப் போயிருக்கும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. ஈரம் மேலே ஏறி, சிமெண்ட் முடியும் இடத்தில் வெளியே வருகிறது. நீர் ஆவியாகிறது, அதில் கரைந்திருந்த உப்பு அங்கேயே தங்கிப் படிகமாகிறது. படிகம் வளரும்போது செங்கல்லின் நுண்துளைகளை உள்ளிருந்து பிளக்கிறது. சிமெண்ட் பாளம் பெயர்வதற்கும் பின்னால் சேரும் இதே உப்புதான் பெரும்பாலும் காரணம். இப்போது நீங்கள் சுவர் முழுக்க நீர் புகாத பூச்சு போட்டால் ஈரம் இன்னும் உயரத்துக்குப் போகும். கூரை விட்டத்தின் மர முனை சுவருக்குள் இருக்கும் இடம் வரை அது ஏறினால், பூச்சுப் பிரச்சினை கூரைப் பிரச்சினை ஆகிவிடும்.

இன்னொன்று வலுவைப் பற்றியது. பூச்சு எப்போதும் தனக்குப் பின்னால் இருக்கும் சுவரைவிட மென்மையாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று அடுக்காகப் பூசினால் ஒவ்வோர் அடுக்கும் முந்தியதற்குச் சமமாகவோ சற்று மென்மையாகவோ இருக்க வேண்டும். பழைய செங்கலும் சுண்ணாம்புச் சாந்தும் வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஏற்பக் கொஞ்சம் அசையும், சாந்து அந்த அசைவைத் தாங்கிக்கொள்ளும். மேலே இறுகிய சிமெண்ட் ஓடு இருந்தால் அதனால் அசைய முடியாது. மயிரிழை விரிசல் விடும். அந்த விரிசல் மழைநீரை உள்ளே இழுக்கும், உள்ளே போன நீருக்கு வெளியேற வழி இருக்காது. போர்ட்லாண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கப்பட்டதே 1824-ல்தான், அது எல்லா இடத்துக்கும் பரவ இன்னும் வெகுகாலம் ஆயிற்று. அதுவரை கனத்த செங்கல் சுவர்கள் சுண்ணாம்பிலும் மண்ணிலும்தான் எழும்பின. அவை ஈரத்தை வாங்கித் திருப்பிக் கொடுத்து வாழும் சுவர்கள்.

உங்கள் சாந்து சுண்ணாம்பா, வெறும் மண்ணா என்று முதலில் பாருங்கள். ஒரு சிறு கட்டியை எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வையுங்கள். சிறிது நேரத்தில் குலைந்து சேறாகிவிட்டால் மண் சாந்து, கட்டி கட்டியாகவே இருந்தால் சுண்ணாம்பு. மண் சாந்து என்றால் நான் கீழே சொல்லும் எல்லாமே இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். சுவரை நனைக்கும்போதும் தண்ணீரை ஊற்றாமல் தெளிக்க வேண்டும்.

இனி, கரணையைக் கையில் எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை. நேர்மையாகச் சொன்னால் பாதி வெற்றி இங்கேதான். கட்டடத்தைச் சுற்றி நடந்து, தண்ணீர் எங்கிருந்து சுவருக்கு வருகிறது என்று பாருங்கள். பழைய கட்டடங்களில் நான் அதிகம் பார்ப்பது வெளித்தரை உயர்ந்துவிட்டதைத்தான். வருடக்கணக்கில் மண், குப்பை, யாரோ போட்ட தளம் எல்லாம் சேர்ந்து வெளியே உள்ள மண்மட்டம் உள்தரையைவிட மேலே வந்திருக்கும். அதைச் சுவரை ஒட்டி வெட்டி, உள்தரைக்கு 150 முதல் 200 மில்லிமீட்டர் கீழே கொண்டுபோங்கள். பழைய கட்டடங்களுக்கு அஸ்திவாரம் ஆழமில்லாமல் இருப்பது சாதாரணம், ஆகவே அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே ஒருபோதும் தோண்டாதீர்கள். கூரை நீர் சுவர் அடியிலேயே விழுகிறதா, நீர்க்குழாய் ஒழுகுகிறதா, தெறிக்கும் மழைநீர் எவ்வளவு உயரம் வருகிறது என்பதையும் பாருங்கள். பட்டறைக்காக உள்ளே பிளாஸ்டிக் விரித்துக் கான்கிரீட் தளம் போடும் யோசனை இருந்தால் அதையும் மறுபடி எண்ணிப் பாருங்கள். தரை வழியாக வெளியேறிக்கொண்டிருந்த ஈரம் அப்புறம் சுவரைத்தான் தேடிப் போகும்.

இவற்றைச் சரிசெய்துவிட்டுச் சுவரை உலர விடுங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்று தொழிலில் ஒரு பழைய கணக்கு உண்டு. உங்கள் சுவருக்கு அது ஒன்றரை வருடம். அவ்வளவு காத்திருக்கச் சொல்லவில்லை, ஏனென்றால் சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். ஆனால் சிமெண்டை எடுத்தபின் ஒரு மழைக்காலமாவது சுவரைச் சும்மா விட்டுப் பார்த்தால் எந்த இடம் காய்கிறது, எந்த இடம் காயவில்லை என்று சுவரே காட்டிக்கொடுக்கும். இந்த ஒரு விஷயத்தில் அவசரப்படாதீர்கள்.

தொழுவமாக இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம். மாட்டு மூத்திரமும் சாணமும் வருடக்கணக்கில் சுவரில் இறங்கியிருந்தால் அங்கே நைட்ரேட் உப்புகள் தங்கியிருக்கும். இவை காற்றில் இருக்கும் ஈரத்தையே உறிஞ்சக்கூடியவை. தரையிலிருந்து ஒரு சொட்டு நீர் ஏறாவிட்டாலும், ஈரப்பதமான நாட்களில் அந்தப் பகுதி நனைந்தது போலத் தெரியும். பூத்திருக்கும் உப்பைக் காய்ந்த தூரிகையால் தேய்த்து, கீழே விழுந்ததைக் கூட்டி அள்ளி வெளியேற்றுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து திரும்பவும் சுவருக்குள்ளேதான் போகும். இப்படிச் செய்தாலும் எல்லா உப்பும் போய்விடாது. அதனால் அடியிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை நீங்கள் இப்போது போடும் பூச்சைத் தியாகப் பூச்சாக நினைத்துக்கொள்ளுங்கள். மிச்ச உப்பு அதற்குள் வந்து சேரும், சில வருடங்களில் அது பொரிந்து உதிரும், அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டிவரும். செங்கல் உதிர்வதற்குப் பதில் பூச்சு உதிர்கிறது. பூச்சின் வேலையே அதுதான்.

எல்லாப் பூச்சையும் கொத்தி எடுக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். சிமெண்டை எடுங்கள். மேலே இருக்கும் பழைய சுண்ணாம்புக் காரையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, பொள்ளலாக ஒலிக்கும் இடத்தை மட்டும் எடுங்கள். கெட்டியாகப் பிடித்திருக்கும் பழைய காரை, புதிதாக நீங்கள் போடப்போவதைவிட நன்றாக இறுகியிருக்கும். சிமெண்டை எடுக்கச் சிறு சுத்தியலும் உளியும் போதும். உளியைச் சுவருக்கு நேராகப் பிடிக்காமல் சாய்த்துப் பிடித்து, ஓரத்திலிருந்து நெம்பி எடுங்கள். செங்கல்லின் முகமும் சேர்ந்து பிய்ந்து வந்தால் அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். சூளையில் வெந்த மேல்தோல்தான் செங்கல்லுக்குக் காப்பு. அது போய்விட்டால் உள்ளே இருப்பது மாவு போன்றது. அதிர்வு இயந்திரம் வாடகைக்கு எடுக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். கூரை பழைய சிமெண்ட் தகடாக இருந்தால் அதில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்க வாய்ப்புண்டு, அதை உடைக்கவோ துளையிடவோ தேய்க்கவோ கூடாது. சுவர் வெளிப்பக்கம் புடைத்திருந்தாலோ, விரல் நுழையும் அளவுக்கு விரிசல் இருந்தாலோ பூச்சு வேலையை நிறுத்தி ஒரு கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். விரிசலின் மேல் பூசுவது அதை மறைப்பது மட்டுமே.

காரை எடுத்தபின் செங்கல் இடுக்குகளில் உதிரும் சாந்தை 20 மில்லிமீட்டர் ஆழம்வரை சுரண்டி, தூசியைத் துடைத்து, சுண்ணாம்புச் சாந்தால் நிரப்புங்கள். பெரிய பள்ளங்களில் செங்கல் துண்டுகளை வைத்துச் சாந்தால் பதியுங்கள். முழுப் பள்ளத்தையும் சாந்தாலேயே நிரப்பினால் சுருங்கி விரிசல் விடும்.

சரி, கலவைக்கு வருவோம். கடையில் சுண்ணாம்பு கேட்டால் இரண்டு வேறு பொருள்கள் கிடைக்கும், பெயரும் குழப்பும். ஹைட்ரேட்டட் சுண்ணாம்பு என்பது சாதாரண நீற்றுச் சுண்ணாம்பின் தூள். அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி இறுகும். ஹைட்ராலிக் சுண்ணாம்பு என்பது களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு எடுப்பது. அது முதலில் தண்ணீரோடு சேர்ந்தே இறுகும், பிறகு காற்றாலும் இறுகும். இதன் பையில் என்.எச்.எல். (இயற்கை ஹைட்ராலிக் சுண்ணாம்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) 2, 3.5, 5 என்று எண் போட்டிருக்கும்; 28 நாளில் குறைந்தது எத்தனை மெகாபாஸ்கல் அழுத்தத்தைத் தாங்கும் என்பது அந்த எண். உங்கள் சுவரின் மேல்பகுதிக்கு, உள்பக்கம், நீரில் ஊறி முதிர்ந்த சுண்ணாம்பு விழுதுதான் என் முதல் தேர்வு. ஈரமான அடிப்பகுதிக்கும் மழை படும் வெளிப்பக்கத்துக்கும் என்.எச்.எல். 3.5, மிக மென்மையான செங்கல்லாக இருந்தால் 2. 5 வேண்டாம், அது கிட்டத்தட்ட சிமெண்டின் பக்கம் போய்விடும். சுண்ணாம்புக் கலவையில் ‘ஒரு கை சிமெண்ட்’ போட்டால் சீக்கிரம் இறுகும் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். அந்த ஒரு கையால் வலுவும் வராது, சுண்ணாம்பின் குணமும் கெடும். ஜிப்சம் பூச்சும் கூடாது, ஈரத்தில் அது ஊறிப்போகும்.

மணலில் கஞ்சத்தனம் செய்யாதீர்கள். பொடியும் பருமனும் கலந்த, கையில் எடுத்தால் நறநறவென்று இருக்கும் கழுவிய மணல் வேண்டும். எல்லாம் ஒரே அளவாக இருக்கும் மென்மணலில் பூசினால் விரிசல் நிச்சயம். கண்ணாடி ஜாடியில் பாதி மணல், அதற்கு மேல் கொஞ்சம் உப்புக் கலந்த தண்ணீர் விட்டுக் குலுக்கி மூன்று மணி நேரம் வையுங்கள். மேலே படியும் வண்டல் மணல் உயரத்தில் நூற்றுக்கு எட்டுக்கு மேல் இருந்தால் அந்த மணல் வேண்டாம். விகிதத்தையும் மணலிடமே கேட்கலாம். முழுக்கக் காய்ந்த மணலை ஒரு பாத்திரம் நிறைய தட்டி நிரப்பி, அளந்த தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். தண்ணீர் மணலின் மட்டத்துக்கு வரும்போது எவ்வளவு போயிருக்கிறதோ அவ்வளவு இடைவெளி மணலுக்குள் இருக்கிறது. அந்த இடைவெளியைச் சுண்ணாம்பு நிரப்ப வேண்டும். நல்ல மணலில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்கும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்ற வழக்கம் இதிலிருந்துதான் வருகிறது. உங்கள் மணலில் இடைவெளி அதிகம் என்றால் இரண்டரைப் பங்கு மணல் போடுங்கள். ஹைட்ராலிக் சுண்ணாம்புப் பையில் வேறு அளவு போட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். மண்வெட்டியால் அளக்காமல் வாளியால் அளப்பது முக்கியம்.

எவ்வளவு வாங்குவது? பத்து சதுர மீட்டர் சுவருக்கு இருபது மில்லிமீட்டர் பூச்சு என்றால் 200 லிட்டர் கலவை. சுண்ணாம்பு மணலின் இடைவெளிக்குள் போய்விடுவதால் மணலே கிட்டத்தட்ட 200 லிட்டர் வேண்டும், சுண்ணாம்பு 65 முதல் 70 லிட்டர். பள்ளம் மேடான சுவர் நிறையத் தின்னும், ஆகவே கால் பங்கு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் குறைத்தே விடுங்கள். கலவை கரணையைக் கவிழ்த்தாலும் ஒட்டி நிற்க வேண்டும். முதல் அடுக்கில் விலங்கு முடியோ நாரோ உதிரி உதிரியாகக் கலந்தால் விரிசல் குறையும்.

சுண்ணாம்பு தோலை அரிக்கும், கண்ணை உண்மையிலேயே கெடுக்கும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள், தூளைக் கொட்டும்போது முகக்கவசம் போடுங்கள். கண்ணில் பட்டால் உடனே ஓடும் சுத்தத் தண்ணீரில் இருபது நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். நீற்றாத சுட்ட சுண்ணாம்பை வாங்கி வீட்டில் நீற்றப் பார்க்காதீர்கள், அது தண்ணீரைக் கொதிக்க வைத்துத் தெறிக்கும்.

பூசுவதற்கு முந்தின நாள் சுவரை நன்றாக நனையுங்கள், பூசுவதற்குச் சற்று முன் மறுபடியும். சுவர் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் மேலே நீர் மினுங்கக் கூடாது. காய்ந்த செங்கல் கலவையிலிருக்கும் நீரை நொடியில் உறிஞ்சிவிடும், பூச்சு பிடிக்காமல் மாவாகும். முதலில் நீர்த்த கலவையைக் கரணையால் வீசி ஒரு சொரசொரப்பான மெல்லிய தெளிப்புப் போடுங்கள். அது இறுகியதும் முதல் அடுக்கு, 10 மில்லிமீட்டருக்குச் சற்றே கூடலாம், 12-ஐத் தாண்ட வேண்டாம். அழுத்திப் பூசி, கொஞ்சம் இறுகும்போது குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிடுங்கள், கீறல் செங்கல்வரை போகக் கூடாது. கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் பதியாத நிலை வந்த பிறகுதான் அடுத்த அடுக்கு. ஹைட்ராலிக் சுண்ணாம்பில் மில்லிமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கு வையுங்கள். விழுதுச் சுண்ணாம்புக்கு இரண்டு மூன்று வாரம் ஆகலாம்.

இரண்டாவது அடுக்கை மட்டக்கோலால் இழுத்து, மணியாசுக் கட்டையால் (பூச்சைத் தேய்க்கும் கைப்பிடி வைத்த மரப்பலகை) தேயுங்கள். தூக்குக்குண்டு பிடித்து நூல் பிசகாமல் செய்ய வேண்டும் என்று நினைக்காதீர்கள். கோணலான பழைய சுவரை நேராக்க 40 மில்லிமீட்டர் அப்புவதைவிட, சுவரின் போக்கிலேயே போவது பூச்சுக்கும் நல்லது, பார்க்கவும் அழகு. மறுநாள், பூச்சு பாதி இறுகியிருக்கும்போது, மறுபடி மரக்கட்டையால் அழுத்தித் தேயுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். சுருங்கும்போது வரும் சிறு விரிசல்கள் இதில்தான் மூடுகின்றன. இரும்புக் கரணையால் வழவழப்பாக்கினால் சுண்ணாம்பு மட்டும் மேலே வந்து ஒரு தோலாகப் படிந்து, துளைகளை அடைத்து, பிறகு வலைவலையாக வெடிக்கும்.

சுண்ணாம்பு காய்வது வேறு, இறுகுவது வேறு. இறுகுவதற்குக் காற்றும் வேண்டும், கொஞ்சம் ஈரமும் வேண்டும். ஆகவே ஒரு வாரமாவது நேர் வெயிலும் வேகக் காற்றும் படாமல் கதவு ஜன்னலில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு, நாளைக்கு இரண்டு மூன்று முறை மெல்லிய தூறலாகத் தண்ணீர் தெளியுங்கள். ஹீட்டர் வைத்தோ மின்விசிறி விட்டோ காயவைக்க வேண்டாம். குளிர் நாட்டில் இருந்தால் 5 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கும் பருவத்தில் பூசவே கூடாது. கையால் தடவினால் வெள்ளைப் பொடி ஒட்டுகிறது என்றால் சீக்கிரம் காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

வெளிப்பூச்சைத் தரைவரை இறக்காமல் 150 மில்லிமீட்டர் மேலேயே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பூச்சே மண்ணிலிருந்து நீரை ஏற்றும். எங்காவது பிற்காலத்தில் கான்கிரீட் கல் வைத்துக் கட்டிய சுவர் இருந்தால் அதற்கு மட்டும் ஒரு பங்கு சிமெண்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல் பொருந்தும். பழைய சுவரோடு அது சேரும் இடத்தில் பூச்சை வெட்டி இடைவெளி விடுங்கள். மின்குழாய்களைப் பூச்சுக்கு முன்பே பதித்துவிடுங்கள். மரம் அடுக்கும் அலமாரிகளைச் சுவரில் மாட்டாமல் தரையில் நிறுத்தி, சுவருக்கும் அவற்றுக்கும் நடுவே காற்றுப்போக இடம் விடுங்கள்.

கடைசியாக வண்ணம். அக்ரிலிக் பெயிண்டும் புட்டியும் இவ்வளவு உழைப்பையும் பிளாஸ்டிக்கால் மூடிவிடும். பால் பதத்துக்குக் கரைத்த சுண்ணாம்பை, சுவரை நனைத்து, நாளுக்கு ஒரு கை வீதம் நான்கைந்து கை அடியுங்கள். அடிக்கும்போது கண்ணாடி போலத் தெரியும், காய்ந்ததும் வெளுக்கும். முதல் கையிலேயே வெண்மை வரவில்லையே என்று கெட்டியாக அடித்தால் உரிந்துவிடும். மிச்சமாகும் சுண்ணாம்பு விழுதை மூடியுள்ள வாளியில், மேலே இரண்டு விரல்கடை தண்ணீர் நிற்கும்படி வைத்திருங்கள், வருடக்கணக்கில் கெடாது. மேல்பகுதியில் எங்காவது ஒட்டுப்போட வேண்டிவந்தால் அது உதவும். ஹைட்ராலிக் சுண்ணாம்பை அப்படி வைக்க முடியாது, பிரித்த பையை அந்தப் பருவத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.